வால்வு சத்தம்

அப்பா அந்த ஆம்ப்ளிஃபையரை முதன்முதலாகப் பார்த்தபோது, அதற்கு மேலே இரண்டு கைகளையும் நீட்டிக் குளிர்காய்வது போல வைத்துக்கொண்டார். சென்னையில் அப்போது சித்திரை மாதம்.

"எத்தனை வாட்டுடா?"

"ரெண்டு வாட்டுப்பா. ஒரு பக்கத்துக்கு."

"ரெண்டு வாட்டுக்கா இத்தனை சூடு?"

ஆறு மாதம் உட்கார்ந்து நானே செய்தது அது. அலுமினியத் தகட்டில் துளை போட்டு, சால்டரிங் வைத்து, நடுவில் இரண்டு முறை ஷாக்கும் வாங்கியிருந்தேன். வால்வுகளை மட்டும் நான் வாங்கவில்லை, அவை அப்பாவுடையவை. திண்டுக்கல்லில் அவர் வைத்திருந்த ரேடியோ ரிப்பேர் கடையை மூடியபோது மிஞ்சியதை ஓர் அட்டைப்பெட்டியில் கட்டிப் பரணில் போட்டிருந்தார். பெரும்பாலும் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்தவை. பிலிப்ஸின் தொழில்நுட்ப உதவியோடு 1960களில் அவர்கள் ரேடியோ வால்வு செய்துகொண்டிருந்தார்கள். அம்மா போன பிறகு அப்பா எங்களோடு வந்துவிட்டார். அவருடைய அறையில், அவருடைய வால்விலேயே, அவருக்குப் பிடித்த மதுரை சோமுவைக் கேட்கவைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இரண்டு ஈ.எல்.84 போட்டு, பழைய முறையில், ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு அவுட்புட் வால்வு என்ற கணக்கில் செய்தேன்.

சோமு பாடி முடித்ததும், "எப்படிப்பா இருக்கு வால்வு சத்தம்?" என்று கேட்டேன்.

"வால்வு சத்தம்னு ஒண்ணு கெடையாதுடா. நல்ல செட்டு, மோசமான செட்டு. அவ்வளவுதான். எதுக்கு உனக்கு இந்த வேண்டாத வேலை? ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளி வாங்கி வெச்சா போதாதா?"

எனக்குக் கோபம் வந்தது உண்மை. வாழ்நாளெல்லாம் வால்வோடு வாழ்ந்த மனிதர் இப்படிப் பேசலாமா? அவர் சொன்னது தப்பு என்று நிரூபிப்பதற்காகத்தான் இந்த வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன்.

வால்வு என்பது, எளிமையாகச் சொன்னால், காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட ஒரு கண்ணாடிக் குமிழ். உள்ளே ஒரு கம்பி சூடாகிறது. சூடான பரப்பிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி, எதிரே சில நூறு வோல்ட்டில் நிற்கும் தகட்டை நோக்கிப் பறக்கின்றன. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருந்த ஜான் ஆம்ப்ரோஸ் ஃப்ளெமிங் 1904இல் இதைக் காப்புரிமை ஆக்கினார். இரண்டு வருஷம் கழித்து அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் நடுவில் ஒரு மூன்றாவது கம்பியை நுழைத்தார். அந்தக் கம்பியில் சின்ன அசைவு கொடுத்தால் தகட்டுக்குப் போகும் பெரிய ஓட்டம் அதே தாளத்தில் கூடிக் குறையும். தான் கண்டுபிடித்தது எப்படி வேலை செய்கிறது என்று டி ஃபாரஸ்ட்டுக்கே சரியாகப் புரியவில்லை. உள்ளே கொஞ்சம் வாயு இருக்க வேண்டும் என்று நம்பினார். அதை முழு வெற்றிடமாக்கி, நம்பகமான பொருளாக மாற்றியவர்கள் தொலைபேசிக்காரர்கள். 1915 ஜனவரியில் நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு முறையாகத் தொலைபேசி இணைப்பு தொடங்கியது வால்வு தந்த பலத்தில்தான்.

தொலைபேசிக்காரர்களை ஏன் இழுக்கிறேன் என்றால், வீட்டில் பாட்டுக் கேட்பதன் தலையெழுத்தை நிர்ணயித்தவர்கள் அவர்கள்தான். ஒரு ஆம்ப்ளிஃபையர் குரலைக் கொஞ்சம் கெடுத்தால் பரவாயில்லை, காது மன்னித்துவிடும். நெடுந்தூர லைனில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல ஆம்ப்ளிஃபையர்கள். ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கெடுத்தால் கடைசியில் வருவது கரகரப்பு மட்டுமே. பெல் ஆய்வகத்தின் ஹரால்ட் பிளாக் இந்தச் சிக்கலோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார். 1927 ஆகஸ்ட் 2ஆம் தேதி காலை ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குப் போகும்போது விடை பளிச்சென்று வந்தது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் தாளிலேயே வரைந்துகொண்டார். வெளியே வருவதில் ஒரு பகுதியை எடுத்து, தலைகீழாக்கி, உள்ளே வருவதோடு சேர்த்துவிடு. ஆம்ப்ளிஃபையர் செய்த தப்பு தன்னைத் தானே கழித்துக்கொள்ளும். பெருக்கும் சக்தி நிறைய வீணாகும். ஆனால் மிஞ்சுவது சுத்தமாக இருக்கும். நெகட்டிவ் ஃபீட்பேக் என்று இதற்குப் பெயர். காப்புரிமை கிடைக்க ஒன்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

அப்பா சொன்னதன் முதல் சாட்சி இங்கேதான் கிடைக்கிறது. வால்வைத் தவிர வேறெதுவும் இல்லாத காலத்தில், அதை நன்றாக அறிந்தவர்கள் அதன் 'இதமான' குணத்தைப் பாராட்டிக்கொண்டிருக்கவில்லை. அதைத் துடைத்துப் போட வழி தேடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தேடல் வீட்டுக்குள் வந்து முழுமை அடைந்தது போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில். 1947 ஏப்ரல், மே மாதங்களில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் டி.டி.என். வில்லியம்சன் என்பவர் ஒரு ஆம்ப்ளிஃபையரின் வரைபடத்தை வெளியிட்டார். இருபதுகளில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர். இரண்டு கே.டி.66 வால்வுகள், ஒன்று தள்ள ஒன்று இழுக்கும் புஷ்-புல் அமைப்பில், 15 வாட், சிதைவு நூற்றில் பத்தில் ஒரு பங்குக்குள். உலகெங்கும் ஆர்வலர்கள் அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். அதில் ஆகக் கஷ்டமான பாகம் வால்வு அல்ல, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். வால்வு அதிக வோல்ட்டில் குறைந்த கரண்ட் தருவது. ஸ்பீக்கருக்கு வேண்டியது நேர் எதிர். நடுவில் தரகு வேலை பார்க்கும் அந்த இரும்பும் செம்பும் ஒழுங்காக இல்லாவிட்டால் ஃபீட்பேக்கை அதிகம் போட முடியாது, ஆம்ப்ளிஃபையர் ஊளையிடத் தொடங்கிவிடும். இதை அப்பாவிடம் படித்துக் காட்டியபோது மட்டும் தலையாட்டினார். "அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்லதாண்டா காசு. வால்வுல என்ன இருக்கு."

வில்லியம்சனின் கட்டுரை வந்த அதே 1947இல், டிசம்பர் மாதம், பெல் ஆய்வகத்தில் பார்டீனும் பிராட்டெய்னும் ஒரு ஜெர்மேனியத் துண்டின் மேல் இரண்டு தங்க முனைகளை அழுத்தி முதல் டிரான்சிஸ்டரை இயங்கவைத்தார்கள். வால்வு ஆம்ப்ளிஃபையர் தன் உச்சத்தைத் தொட்ட வருஷமும் அதற்கு எமன் பிறந்த வருஷமும் ஒன்றுதான்.

கடைக்கு முதலில் வந்த டிரான்சிஸ்டர் பொருள் ரேடியோ அல்ல, காதுகேட்கும் கருவி. 1952 டிசம்பரில் வந்த சோனோடோன் 1010இல் இரண்டு குட்டி வால்வும் ஒரு டிரான்சிஸ்டரும் இருந்தன. காது கேளாதவர்களுக்காக உழைத்த கிரகாம் பெல்லின் நினைவுக்காக, இந்தக் கருவி செய்பவர்களிடம் பெல் நிறுவனம் ராயல்டி வாங்கவில்லை.

வீட்டு ஆம்ப்ளிஃபையருக்கு டிரான்சிஸ்டர் வந்த கதை அத்தனை அழகானதல்ல. ஆரம்பத்து ஜெர்மேனியம் சூட்டைத் தாங்காது. சூடு ஏற ஏறக் கரண்ட் கூடும், கரண்ட் கூடக் கூடச் சூடு ஏறும், கடைசியில் தானே வெந்துபோகும். ஸ்பீக்கர் வயர் இரண்டும் ஒருமுறை தொட்டுக்கொண்டால் போதும், ஆள் காலி. வால்வு இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும். இதைவிட மோசம், கண்ணுக்குத் தெரியாத ஒரு கோளாறு. புஷ்-புல் அமைப்பில் அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை இன்னொன்றும் சுமக்கின்றன. சூட்டுக்குப் பயந்து இரண்டையும் அநேகமாக அணைத்தே வைத்தால், ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குச் சுமை மாறும் இடத்தில் அலை ஒரு கணம் தடுக்கும். கிராஸ்ஓவர் சிதைவு என்பார்கள். சத்தமாக வைத்தால் இந்தத் தடுக்கல் மொத்தத்தில் கரைந்துவிடும். மெதுவாக வைத்தால் பாட்டின் பெரும்பகுதியே அந்தத் தடுக்கலுக்குள்தான் நடக்கும். ஆனால் சிதைவை அளந்து விளம்பரத்தில் போட்டது முழு வாட்டில். தாளில் எல்லாம் சுத்தம். ராத்திரி மெதுவாக வயலின் கேட்டவர்களுக்கோ காதில் மணல் போட்டது போல இருந்தது. அவர்கள் காது பொய் சொல்லவில்லை.

'வால்வின் இதம்' என்ற பேச்சு வலுப்பெற்றது இதற்குப் பிறகுதான் என்று தோன்றுகிறது. மோசமான டிரான்சிஸ்டரைக் கேட்டபின் பழைய நல்ல வால்வு இனித்தது. இழந்தபின் வந்த இனிமை அது. பாஷை அதற்கு ஒரு பெயரைக் கொடுத்துவிட்டது. பின்னால் டிரான்சிஸ்டர் திருந்தியபோதும் அந்தப் பெயர் போகவில்லை.

திருந்தியது என்பதற்கு நான் நம்பும் சாட்சி பீட்டர் வாக்கர். ஹன்டிங்டனில் இருந்த அவருடைய நிறுவனத்தின் ஆம்ப்ளிஃபையர்களுக்கு குவாட் என்று பெயர். 1953இல் அவர் கொண்டுவந்த குவாட் 2, வில்லியம்சன் போட்ட பாதையிலேயே இரண்டு கே.டி.66, 15 வாட். மற்றவர்கள் அவசரமாக டிரான்சிஸ்டருக்குத் தாவியபோது வாக்கர் தாவவில்லை. நல்ல சிலிக்கான் டிரான்சிஸ்டர் கிடைக்கும்வரை பொறுத்து, 1967இல்தான் குவாட் 303ஐ வெளியிட்டார். 1975இல் குவாட் 405. அதில் சின்னதாக ஒரு சுத்தமான ஆம்ப்ளிஃபையர் மேற்பார்வை பார்க்க, முரட்டு டிரான்சிஸ்டர்கள் பாரம் தூக்கும். முரடர்கள் தடுக்கும் இடத்தை மேற்பார்வையாளர் நிரப்பிவிடுவார். எழுதுவதற்கு எளிது, அந்தச் சுற்றின் கணிதத்தைப் பற்றிப் பொறியாளர்கள் அதே 'வயர்லெஸ் வேர்ல்ட்'டில் நீண்ட காலம் சண்டை போட்டார்கள்.

ஒரே மனிதர், ஒரே லட்சியம், மூன்று தலைமுறைக் கருவிகள். இதைவிட நல்ல சோதனைப் பொருள் கிடைக்காது. 1978இல் ஜேம்ஸ் மோயர் இந்த மூன்றையும் வைத்து, எது பாடுகிறது என்று சொல்லாமல், அனுபவமுள்ள காதுகளுக்குக் கேட்கவைத்தார். சத்தம் மூன்றிலும் ஒரே அளவு. முடிவு அவ்வருஷம் ஜூலை இதழில் வந்தது. காசு சுண்டிப் பார்த்துச் சொன்னால் எவ்வளவு சரியாக இருக்குமோ, அதைத் தாண்டி யாராலும் சொல்ல முடியவில்லை.

அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. கொஞ்ச நாள் மறைத்து வைத்திருந்தேன் என்றே சொல்லலாம்.

மறைத்ததற்கு என்னிடம் ஒரு சாக்கு இருந்தது. குவாட் 2 தன் குணத்தைக் காட்டக் கூடாது என்றே செய்யப்பட்ட வால்வு. அதைக் கொண்டுபோய் வால்வுக்கும் டிரான்சிஸ்டருக்கும் வித்தியாசமில்லை என்றால் எப்படி? என் இரண்டு வாட்டுக்காரன் அந்தச் சாதியில்லை. ஒற்றை வால்வு, ஃபீட்பேக் கிடையாது. வில்லியம்சனுக்கு முந்தைய காலத்துக்குத் திரும்பிப் போன பிறவி. 1970களிலிருந்தே ஜப்பானில் ஒரு கூட்டம் இப்படித் திரும்பிப் போயிருந்தது. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 1930களில் சினிமா தியேட்டர்களுக்காகச் செய்த 300பி என்ற வால்வைத் தேடித் தேடி வாங்கினார்கள். அதில் ஒற்றையாகக் கிடைப்பது எட்டு வாட் சுமார். பிறகு அந்த மோகம் பிரான்சுக்கும் அமெரிக்காவுக்கும் பரவியது. இன்று விலையைக் கேட்டால் மயக்கம் வரும்.

இந்த இடத்தில் எல்லாரும் சொல்லும் ஒரு விளக்கத்தை ஓரமாக வைத்துவிட வேண்டும். வால்வின் சிதைவு இரட்டை மடங்கு சுரங்களாக வரும், அது மேல்ஸ்தாயி போலக் காதுக்கு இதம். டிரான்சிஸ்டரின் சிதைவு ஒற்றை மடங்கு, அது கசப்பு என்பார்கள். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது பெரும்பாலும் 1973இல் ரஸ்ஸல் ஹாம் எழுதிய கட்டுரை. அவர் பேசியது ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக் முன்னே பாடகர் ஓங்கிப் பாடும்போது திணறுகிற கருவிகளைப் பற்றி. நம் வீட்டில் மிதமாகப் பாடும் ஆம்ப்ளிஃபையர் திணறுவதே இல்லை. மேலும் புஷ்-புல் அமைப்பில் இரட்டை மடங்குகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். அதாவது வால்வின் பொற்காலம் என்று நாம் ஏங்கும் 1950களின் ஆம்ப்ளிஃபையர்களில் இந்த இதம் அநேகமாக இருக்கவே வழியில்லை.

அப்படியானால் என் ஆம்ப்ளிஃபையரில் நான் கேட்பது என்ன? விடையின் நுனி 1985இல் கிடைத்தது. பாப் கார்வர் என்ற அமெரிக்கப் பொறியாளர், எந்த விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபையரைக் கொடுத்தாலும் என் டிரான்சிஸ்டரை அதைப் போலவே ஒலிக்கவைப்பேன் என்று 'ஸ்டீரியோஃபைல்' இதழிடம் சவால் விட்டார். அவர்கள் ஒரு பெரிய வால்வு ஆம்ப்ளிஃபையரைக் கொடுத்தார்கள். ஓட்டல் அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தார். இரண்டுக்கும் ஒரே பாட்டைக் கொடுத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்து, மிச்சம் என்ன வருகிறது என்று கேட்பார். மிச்சம் இருக்கும்வரை ரெசிஸ்டர், கண்டன்சர் என்று மாற்றிக்கொண்டே இருப்பார். மிச்சம் அநேகமாக மௌனமானபோது ஆசிரியர்களைக் கூப்பிட்டார். அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை, ஒத்துக்கொண்டு எழுதினார்கள்.

அவர் நகலெடுத்ததில் முக்கியமான ஒன்று, ஆம்ப்ளிஃபையரின் உள்தடை. எட்டு ஓம் ஸ்பீக்கர் என்று விற்பது எல்லாச் சுரத்திலும் எட்டு ஓம் இருக்காது. ஓரிடத்தில் ஆறு, ஓரிடத்தில் முப்பது என்று மலை போல ஏறி இறங்கும். நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரின் உள்தடை பத்தில் ஒரு ஓம். ஸ்பீக்கர் எப்படி ஏறி இறங்கினாலும் அது கொடுக்கும் வோல்ட் மாறாது. வித்தியாசம் பத்தில் ஒரு டெசிபல். என்னுடையதில் உள்தடை மூன்று ஓம். கணக்குப் போட்டால் வித்தியாசம் இரண்டரை டெசிபலைத் தாண்டுகிறது. அதாவது ஸ்பீக்கர் எங்கே மலையோ அங்கே பாட்டு தூக்கலாக வரும். பெரும்பாலும் அது கீழ்ஸ்தாயியிலும் நடுக் குரலிலும். நான் இதம் என்றது, என் ஸ்பீக்கரின் ஓம் மலையைத்தான்.

கணக்கு காதுக்குப் போதாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரையும் பக்கத்தில் வைத்து, இரண்டின் சத்தத்தையும் ஸ்பீக்கர் முனையில் மீட்டர் வைத்துச் சமமாக்கினேன். (இதைச் செய்யாத எந்த ஒப்பீட்டையும் நம்ப வேண்டாம். கொஞ்சம் சத்தமாக இருப்பது எப்போதும் ஜெயிக்கும்.) என் பெண் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, காசு சுண்டி மாற்றிக்கொண்டே இருந்தாள். வால்வை நான் அநேகமாக ஒவ்வொரு முறையும் கண்டுபிடித்தேன். எனக்கு ஒரே பெருமை. பிறகு டிரான்சிஸ்டரின் ஸ்பீக்கர் வயரில் மூன்று ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகச் சேர்த்து, மறுபடி சத்தத்தைச் சமன் செய்து, கேட்டேன். பாதிக்குப் பாதி. "அப்பா, இப்ப நீங்க சும்மா அடிச்சு விடறீங்க" என்றாள் திரைக்குப் பின்னாலிருந்து. உண்மைதான். ரிச்சி தெருவில் அந்த ரெசிஸ்டர் ஒரு டீ விலை.

எனவே யாராவது என்னிடம் எதை வாங்கலாம் என்று கேட்டால் டிரான்சிஸ்டர் என்கிறேன். மிச்சக் காசை ஸ்பீக்கரில் போடுங்கள், மாற்றம் அங்கேதான் பெரிது. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் முந்நூறு வோல்ட் எதற்கு? வால்வுகள் இன்றும் ரஷ்யாவின் சரத்தோவிலும் ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும் செய்யப்படுகின்றன, கிடைக்கும். ஆனால் சூட்டுக்கும் மின்சாரத்துக்கும் தேய்மானத்துக்கும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இருட்டில் அந்த ஆரஞ்சு வெளிச்சம் வேண்டும் என்றால் அது வேறு விஷயம். எனக்கு வேண்டியிருக்கிறது. காதுக்காக என்று மட்டும் இனிமேல் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

கடைசியில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஜெயித்த முகம் எதையும் காட்டவில்லை. வேறொன்றைச் சொன்னார். வால்வு ரேடியோ வருஷத்துக்கு ஒரு தடவையாவது கடைக்கு வரும். வால்வு செத்திருக்கும், இல்லை கண்டன்சர் வெடித்திருக்கும். அந்தச் சாவில்தான் எங்கள் வீட்டு அரிசி வந்தது, என் பள்ளிக்கூடச் சம்பளம் வந்தது. டிரான்சிஸ்டர் வந்தது, செட்டு திரும்பி வருவது நின்றது. அவர் உட்கார்ந்து தெருவைப் பார்க்க ஆரம்பித்தார்; கொஞ்ச வருஷத்தில் கடை போய்விட்டது.

"அப்புறம் ஏம்ப்பா டிரான்சிஸ்டரையே தூக்கி வெச்சுப் பேசறீங்க?"

"நல்லா இருந்துச்சேடா. நல்லா இருக்கறத நல்லா இல்லேன்னு எப்படிச் சொல்றது?"

இப்போது அவர் அறையில் இருப்பது டிரான்சிஸ்டர். என் இரண்டு வாட் கூடத்துக்கு வந்துவிட்டது. சோமு பாடும்போது அப்பா காதுக்கருவியின் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்கிறார். அது சில நேரம் சின்னதாக விசில் அடிக்கும், தலையைத் திருப்பிச் சரிசெய்துகொள்வார். பரணிலிருந்த அட்டைப்பெட்டியை மட்டும் என்னிடம் திருப்பிக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். மத்தியானத்தில் தூங்காமல், என் மீட்டரை எடுத்துப்போய், ஒவ்வொரு வால்வாக இழை அறுந்திருக்கிறதா என்று பார்க்கிறார். நல்லதைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அதன் மேல் பென்சிலால் நம்பர் எழுதுகிறார். நேற்றுவரை முப்பத்தொன்று பார்த்தாயிற்று. அதில் ஏழு போச்சு.